இரண்டு பேர் பெயரில் ஓர் அறை

கப்பலில் அறை பதிவு செய்ய வருகிறவர்களிடம் மாக்சின் டோம்னி முதலில் தேதியைக் கேட்க மாட்டாள், எந்த நாட்டுக்குப் போக ஆசை என்றும் கேட்க மாட்டாள். "தூக்கத்துல எந்தச் சத்தத்துக்கு முழிச்சுக்குவீங்க?" என்றுதான் கேட்பாள்.

நாற்காலி இழுபடும் சத்தத்துக்கு முழிப்பவர்களுக்கு நீச்சல் குளத் தளத்துக்கு அடியில் அறை ஆகாது. விடிவதற்கு முன்பே மேலே சாய்வு நாற்காலிகளை இழுத்து வரிசைப்படுத்த ஆரம்பித்துவிடுவார்கள். பேச்சுக்குரலுக்கு முழிப்பவர்களை லிஃப்டுக்குப் பக்கத்தில் போடக் கூடாது. கப்பலின் தளப் படத்தில் இரண்டு அறைகளுக்கு நடுவே சின்ன அம்புக்குறி இருந்தால் அங்கே இடைக்கதவு இருக்கிறது என்று அர்த்தம். பக்கத்து அறைக்காரருடைய குறட்டையும் உங்கள் கட்டணத்தில் சேர்த்தி. வயிறு புரட்டுகிறவர்களுக்கு நடுக்கப்பல், கூடுமானவரை கீழ்த்தளம். "மேலயும் அறை, கீழயும் அறை, ரெண்டு பக்கமும் அறை. ரொட்டிக்கு நடுவுல பன்றி இறைச்சி மாதிரி நீங்க உள்ள இருக்கணும். அப்பத்தான் ஆட்டமும் தெரியாது, சத்தமும் வராது," என்பாள்.

இதையெல்லாம் அவள் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் கப்பல் நிற்கிற நாட்களில் கம்பெனிக்காரர்கள் பயண முகவர்களை உள்ளே அழைத்து மதிய விருந்து கொடுப்பார்கள். மற்ற முகவர்கள் இலவச ஒயினுக்குப் பக்கத்தில் நிற்பார்கள். மாக்சின் கைப்பையில் அளவு நாடாவோடு அறை அறையாகப் போவாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் படுத்துப் பார்ப்பாள். கழிப்பறைத் தண்ணீரைத் திறந்துவிட்டு, ஓடி வந்து மறுபடி படுத்து, காதைச் சுவரில் வைத்துக் கேட்பாள். முதலில் கடைத்தெருவில் ஒரு பயண நிறுவனத்தில் இருந்தாள். அது மூடப்பட்ட பிறகு வூல்ஸ்டன் பகுதியிலிருந்த தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்தே தொழிலை நடத்தினாள். ஒரு பக்கம் கணினி, இன்னொரு பக்கம் தேநீர், நடுவில் போன்.

அவள் விற்ற அறைகளுக்குப் பெட்டி ஏற்றியவன் அவளுடைய கணவன் டெரி. துறைமுகத்தில் முப்பத்தி நான்கு வருடம் சுமைக்காரன். கப்பல் வருகிற நாள்தான் அவனுக்கு வேலை நாள். கப்பலோ பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில்தான் வரும். அதனால் கல்யாணமோ, குழந்தைக்குப் பெயர் சூட்டும் விழாவோ, யார் வீட்டுப் பிறந்தநாளோ, மாக்சின் தனியாகத்தான் போய் இறங்குவாள். "எங்க உன் ஆளு?" என்று வாசலிலேயே கேட்பார்கள். "டெரி பின்னாடி வர்றாரு," என்பாள். கேக் வெட்டி முடிக்கிற நேரத்துக்கு அவனும் வந்துவிடுவான், தலை ஈரம் காயாமல், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு. முப்பத்தொரு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் அதிகம் சொன்ன வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

இத்தனை கப்பலைப் பார்த்தும், இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கப்பலில் ஒரு ராத்திரிகூடத் தூங்கியதில்லை. அவனுக்குக் கோடை முழுவதும் பெட்டிகள். அவளுக்கு ஜனவரி முழுவதும் போன்; புது வருடத்து முதல் வாரங்களில்தான் கம்பெனிகள் சலுகைகளை அவிழ்த்து விடும். நடுவில் மகள் நடாலியின் பல்கலைக்கழகச் செலவு வந்தது. குடும்பத்தில் முதல் பட்டதாரி. டெரி அவளுடைய பட்டமளிப்புப் படத்தைச் சுமைக்காரர்களின் ஓய்வறையில் ஒட்டி வைத்திருந்தான்.

வேலை இல்லாத மாலைகளில் இருவரும் மேஃப்ளவர் பூங்காவுக்குப் போவார்கள். தண்ணீர் ஓரத்துக் கம்பி வேலி. காகிதத்தில் சுற்றிய மீனும் உருளைக்கிழங்கு வறுவலும், மேலே தாராளமாக வினிகர். ஐந்து மணி வாக்கில் பெரிய கப்பல் ஒன்று மெல்ல நகர்ந்து வந்து வானத்தை மறைக்கும். டெரி எழுந்து நின்று கையை உயர்த்தி ஆட்டுவான்.

"யாருக்குடா கை காட்டுற?"

"எட்டாயிரம் கிலோ பெட்டி ஏத்தியிருக்கேன் மாக்ஸ். அதுல ஒருத்தராவது நமக்குச் சொந்தக்காரங்க மாதிரி இல்லையா?" என்பான். பிறகு ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி. "மேல இருந்து பார்த்தா நாம தெரிவோமா?"

கப்பலைப் பற்றி எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கிறவளுக்கு இதற்கு மட்டும் பதில் தெரியாது. அவள் ஏறியதெல்லாம் கயிறு கட்டி நின்ற கப்பல்கள்.

"போனாத்தான் தெரியும்," என்பாள்.

"அப்ப போவோம்."

அறுபத்தாறு வயதில், மே மாதக் கடைசியில் டெரி ஓய்வு பெற்றான். இரண்டு முழங்காலும் முதுகும் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டிருந்தன. மறுநாள் காலை அவனைச் சாப்பாட்டு மேசையின் எதிர்ப்பக்கத்தில், வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"சொல்லுங்க ஐயா. தூக்கத்துல எந்தச் சத்தத்துக்கு முழிச்சுக்குவீங்க?"

"என் பொண்டாட்டி குறட்டை நின்னுபோச்சுன்னா முழிச்சுக்குவேன்."

"நான் குறட்டை விடுறதில்லை."

"அதைத்தான் சொல்றேன். நின்னா பயமா இருக்கும்."

அவனுக்கு இரண்டே விருப்பங்கள். ஒன்று, கப்பல் கிளம்பும்போது பூங்கா தெரிகிற பக்கம் வேண்டும். அது இடப்பக்கம். இன்னொன்று, ஸ்பாவில் இருக்கும் சூடான கல் கட்டில். மாக்சின் அதைப் பற்றிப் பல தடவை சொல்லியிருந்தாள்: பெரிய கண்ணாடி ஜன்னலைப் பார்த்தபடி வரிசையாக ஆறேழு கல் கட்டில்கள், உள்ளே வெந்நீர்க் குழாய் ஓடும், முதுகை வைத்தால் எலும்பு வரைக்கும் சூடு இறங்கும். "முப்பத்தி நாலு வருஷப் பெட்டிய அந்தக் கல்லு மேல இறக்கி வைக்கணும்," என்றான் டெரி.

செப்டம்பருக்கு நார்வே, ஏழு இரவு, எட்டாம் தளம், நடுவில், இடப்பக்கம், வெளியே நின்று பார்க்க ஒரு மாடம். ரொட்டிக்கு நடுவில் இறைச்சி. பதிவு செய்தாள். டெரி பூங்காவுக்கு நாயைக் கூட்டி வருகிறவர்கள் வரைக்கும் சொல்லி முடித்தான்.

ஜூலையில் ஒரு காலை, வேறு யாருக்கோ அறை தேடும்போது அவள் கண்ணில் அது பட்டது. அடுத்த ஏப்ரல். அதே கப்பல், அதே ஏழு இரவு, அதே அறை. கட்டணம் கிட்டத்தட்ட நானூறு பவுண்டு குறைவு. ஸ்பா அனுமதி இரண்டு பேருக்கும் வாரம் முழுவதும் அறையோடு சேர்த்தே. செப்டம்பரிலோ ஸ்பாவுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும், அதுவும் கொஞ்சம் பேருக்குத்தான் கொடுப்பார்கள், கிடைக்காமலும் போகலாம். முன்பணத்தை அப்படியே ஏப்ரலுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரு பென்னி போகாது.

வாடிக்கையாளர் யாராக இருந்தாலும் அவள் சொல்லியிருப்பாள்: மாத்துங்க, யோசிக்காதீங்க. பதிவு செய்த பிறகும் கட்டணத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், கடைசித் தவணை கட்டும் வரைக்கும் எதுவும் முடிவல்ல என்பது அவளுடைய பாலபாடம். இருபது வருடமாக ஊருக்கே சொல்லி வந்ததைத் தன் வீட்டுக்குச் செய்யாமல் இருப்பாளா?

"ஏப்ரலா?" என்றான் டெரி. "செப்டம்பர்ன்னு டமாரம் அடிச்சுட்டேனே மாக்ஸ்."

"கல் கட்டில் சும்மாவே கிடைக்குது. ஏழு மாசம்தான் தள்ளிப் போகுது. ஓடியே போயிரும்."

"நீதான் இதுல பெரிய ஆளு," என்றான் அவன். அவள் பொத்தானை அழுத்தினாள்.

செப்டம்பரில் அந்தக் கப்பல் கிளம்பிய மாலை இருவரும் பூங்காவிலிருந்து அதைப் பார்த்தார்கள். டெரி விரல்விட்டு எண்ணி, எட்டாம் தளத்து நடுவிலிருந்த மாடத்தைக் கண்டுபிடித்தான். அங்கே சிவப்புச் சட்டை போட்ட ஓர் ஆள் நின்றிருந்தான். "நம்ம இடத்துல நிக்கிறான் பாரு, தடியன்," என்றான். இருவரும் சிரித்தார்கள். அவன் கை காட்டினான்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி, செய்தித்தாள் வாங்கப் போன டெரி பேருந்து நிறுத்தத்து இருக்கையில் உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண் அவன் தூங்குவதாக நினைத்து இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டிருக்கிறாள், எழுப்பவும் விட்டுப் போகவும் மனமில்லாமல்.

அடக்கத்தன்று துறைமுகத்துச் சுமைக்காரர்களே பெட்டியைத் தூக்கினார்கள். டெரியோடு இருபது வருடம் வேலை பார்த்த காலின் முன்னால் பிடித்தான். தேவாலய வாசலில் மாக்சினிடம் வந்து, "இவனைத் தூக்குறதுக்கு இவன் தூக்கின பெட்டிங்களே தேவலை," என்று சொல்ல ஆரம்பித்து, முடிக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வங்கி, ஓய்வூதியம், தண்ணீர் வரி, நூலக அட்டை எல்லாவற்றிலும் நடாலி அப்பாவின் பெயரை எடுத்துக் கொடுத்தாள். ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது.

"கப்பலுக்கு எழுதிட்டியாம்மா?"

"எழுதணும்."

"காப்பீடு முழுசையும் திருப்பிக் குடுக்கும். இல்லைன்னா அப்பா பேரை எடுத்துட்டு என் பேரைப் போடு. லீவு கேட்டு வச்சிருக்கேன். நான் வர்றேன்."

மாக்சின் கணினியைத் திறந்து பதிவுப் பக்கத்துக்குப் போவாள். பயணி ஒன்று, மாக்சின் ஆன் டோம்னி. பயணி இரண்டு, டெரன்ஸ் ஜார்ஜ் டோம்னி. இரண்டாவது பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குப்பைத்தொட்டிப் படம். அதன் மேல் அம்பைக் கொண்டுபோய் வைப்பாள். தேநீர் ஆறிப்போகும். மூடிவிடுவாள்.

மகளிடம் வேறு காரணம் சொன்னாள். "பேரை எடுத்தா தனி ஆள் கட்டணம் போட்டுத் தீட்டிருவாங்க. எடுக்காம விட்டுட்டா, அவர் அன்னைக்கு வரலைங்கிறதோட போயிரும். நானே எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்."

அதுவும் உண்மைதான். அறைக் கட்டணம் இரண்டு பேரைக் கணக்கு வைத்துப் போடப்படுவது. ஒருவர் பெயரை நீக்கினால் மிச்சமிருப்பவர் தலையில் புதுக் கணக்கு விழும். சில சமயம் இரண்டு பேர் கொடுத்ததைவிட அதிகமாகவே வரும். நீக்காமல் விட்டு, ஏறுகிற அன்று கவுன்ட்டரில் 'அவர் வரவில்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பதினோரு விதவைகளுக்கு மாக்சின் இந்த வழியைச் சொல்லியிருக்கிறாள். சாமர்த்தியம் என்று நினைத்துத்தான்.

அவர்களில் ஒருத்தி, ஐவி பென்ஃபோல்ட், போய் வந்ததும் போன் செய்திருந்தாள். "அறை அருமை கண்ணு. சாப்பாடும் அருமை. நீ சொன்னபடி கப்பல் துறைமுகத்துல நிக்கிற அன்னைக்குத்தான் மசாஜுக்குப் போனேன், எல்லாரும் ஊர் பாக்கப் போயிட்டாங்க, பாதி விலைக்கே முடிஞ்சது. களிம்பு வாங்கச் சொல்லி நச்சரிச்சாங்க, மாட்டேன்னுட்டேன்." போனை வைக்கிற நேரத்தில் சொன்னாள். "ஆனா அந்தப் பேரை விட்டு வைக்கிற வேலைய மட்டும் இனிமே யாருக்கும் சொல்லாத."

ஏமாற்றியதில் உறுத்தல் போலிருக்கிறது என்று மாக்சின் அப்போது நினைத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்கவில்லை.

"காசுக்காகவாம்மா?" என்றாள் நடாலி. "நிஜமாவே காசுக்காகவா?"

"வேற எதுக்கு?"

கிளம்புகிற அன்று நடாலி காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, அம்மாவின் கழுத்துத் துணியைச் சரி செய்துவிட்டுப் போனாள்.

கப்பல் முனையத்து வாசலில் காலின் நின்றிருந்தான். பெட்டியில் கட்டியிருந்த சீட்டைப் பார்த்தான். எட்டாம் தளம், அறை எண், கீழே இரண்டு பெயர்.

"ரெண்டு பெட்டியா மாக்ஸ்?"

"ஒண்ணுதான்."

அவன் சீட்டை மறுபடி பார்த்தான். பெட்டியை வண்டியில் போடாமல், கையாலேயே தூக்கிக்கொண்டு உள்ளே போனான். சில்லறை கொடுக்கப் பையைத் திறந்தவள், அவன் போன பிறகு மூடினாள்.

கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்கு நடாலி வயதுதான் இருக்கும். "மிஸஸ் டோம்னி. எட்டாம் தளம், நல்ல அறை மேடம். ஸ்பா ரெண்டு பேருக்கும் சேர்த்தி." திரையிலிருந்து நிமிர்ந்து மாக்சினின் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். "மிஸ்டர் டோம்னி எங்க?"

சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. பதினோரு பேருக்குச் சொல்லிக் கொடுத்த வார்த்தை. காரில் வரும்போது வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்ட வார்த்தை.

"பின்னாடி வர்றாரு," என்றாள் மாக்சின்.

அது அவள் யோசித்துச் சொன்னதில்லை. அந்தக் கேள்விக்கு அவள் நாக்கில் இருந்த பதில் அது ஒன்றுதான். அந்தப் பெண் சிரித்தாள். "பரவாயில்லை, மூணரை வரைக்கும் நேரம் இருக்கு. வந்ததும் ஒரு படம் எடுத்துட்டு அவர் கார்டைக் குடுத்துடுறேன்." அவருடைய அட்டையை எடுத்துத் தனியாக ஒரு சின்ன டப்பாவில் நிறுத்தி வைத்தாள். திருத்திச் சொல்லியிருக்கலாம். பின்னால் வரிசை நின்றது. மாக்சின் நகர்ந்தாள். நடைபாலத்தில் ஏறும்போது, உண்மையிலேயே அவன் எங்கோ வண்டியை நிறுத்திவிட்டு வந்துகொண்டிருப்பது போல மனம் லேசாக இருந்தது. பல வாரங்களுக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது.

ஆனாலும் சாப்பிடப் போகவில்லை. முதல் நாள் எல்லோரும் சாப்பாட்டுக்கு ஓடுவார்கள், அந்த நேரத்தில் நேராக ஸ்பாவுக்குப் போக வேண்டும் என்பது அவளுடைய சட்டம். அங்கே வரவேற்பில் இருந்தவள் இரண்டு கைப்பட்டைகளைக் கொடுத்தாள். "இன்னொண்ணு உங்க துணைக்கு." மாக்சின் இரண்டையும் வாங்கிக்கொண்டாள். இரண்டு அங்கிகளையும் வாங்கிக்கொண்டாள்.

கண்ணாடிக்கு எதிரே ஏழு கல் கட்டில்கள். நாலு காலி. ஓரத்துக் கட்டிலில் படுத்தாள். சூடு முதலில் தோளில் ஏறி, பிறகு முதுகெலும்பில் ஒவ்வொரு கணுவாக இறங்கியது. அவள் சொல்லி வந்தது சரிதான். அவள் அளந்து சொன்ன எல்லாமே சரியாகத்தான் இருந்தன.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, தன் துண்டை எடுத்துப் பக்கத்துக் கட்டிலில் விரித்தாள். துண்டு போட்டு இடம் பிடிக்கிறவர்களுக்கு அறையே பதிவு செய்து தர மாட்டேன் என்று வாடிக்கையாளர்களிடம் விளையாட்டாக மிரட்டுகிறவள் அவள்.

மெல்ல இடம் நிறைந்தது. மூன்றரை தாண்டியதும் பருத்த ஓர் ஆள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இங்க யாராச்சும் இருக்காங்களாம்மா?"

"பின்னாடி வர்றாரு."

"அதிர்ஷ்டக்காரர். இடம் பிடிச்சு வைக்க ஆள் இருக்கு," என்று அவர் சுவரோரம் சாய்ந்து நின்றார். இடுப்பு வலி அவருடைய நிற்கிற விதத்திலேயே தெரிந்தது. மாக்சின் கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் ஒலிபெருக்கி கரகரத்தது.

"பயணி டெரன்ஸ் டோம்னி. டெரன்ஸ் ஜார்ஜ் டோம்னி, எட்டாம் தளம். உடனடியாக வரவேற்பைத் தொடர்பு கொள்ளவும்."

சுவரோரத்து ஆள் சிரித்தார். "ஒவ்வொரு கப்பல்லயும் ஒருத்தன் இருப்பான். இந்த டெரன்ஸ் இன்னும் கரையில ஏதோ பப்ல உக்காந்திருக்கான், பாத்துக்கிட்டே இருங்க."

துண்டு விரித்த கட்டிலுக்கு அப்பால் படுத்திருந்த பெண்ணும் சிரித்தாள். "பொண்டாட்டிக்காரி என்ன பாடு படுறாளோ பாவம்."

மறுபடியும் அழைத்தார்கள். இந்த முறை முழுப் பெயரையும் நிறுத்தி நிறுத்தி, அக்கறையாக. அவன் பெயரைச் சத்தமாக யாரும் சொல்லிக் கேட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. எல்லோரும் 'அவரு' என்றார்கள், 'அப்பா' என்றார்கள். பாதிரியார்தான் கடைசியாக இப்படி முழுசாகச் சொன்னார்.

மாக்சின் எழுந்தாள். பக்கத்துக் கட்டிலில் விரித்திருந்த துண்டை எடுத்து நாலாக மடித்தாள்.

"நீங்க படுத்துக்குங்க," என்றாள் அந்த ஆளிடம்.

"ஏம்மா, அவர் வரும்போது..."

"படுத்துக்குங்க. முதுகுக்கு நல்லா இருக்கும்."

அங்கியோடும் ரப்பர் செருப்போடும் வரவேற்பு மண்டபத்துக்கு இறங்கினாள். நன்றாக உடுத்திய மனிதர்கள் விலகி வழி விட்டார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த பிலிப்பினோ இளைஞனின் சட்டையில் ஆர்னெல் என்று பெயர் குத்தியிருந்தது.

"மிஸஸ் டோம்னியா? நல்லவேளை வந்தீங்க மேடம். சார் எங்க இருக்கார்? டாக்ஸில வந்துக்கிட்டிருக்காரா? போன் நம்பர் குடுங்க, பேசிடறேன். கேப்டன் இன்னும் இருபது நிமிஷம் பாத்துட்டுத்தான் பாலத்தை எடுப்பார்."

அவன் உண்மையாகவே உதவத்தான் பார்த்தான். விரல்கள் விசைப்பலகை மேல் தயாராக நின்றன. ஒரு கணம், நிஜமாகவே ஒரு கணம், இருபது நிமிடத்தில் வந்துவிடுவான் என்று சொல்ல அவள் வாய் திறந்தது.

"வர மாட்டாரு," என்றாள். "பிப்ரவரில செத்துட்டாரு."

அதுவரை அவள் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. போயிட்டாரு என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்திருந்தாள்.

ஆர்னெல் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "பதிவுல பேர் இருக்கே மேடம்," என்றான் மெதுவாக.

"நான்தான் எடுக்கலை. எடுக்கக் கை வரலை."

அவளுக்குப் பின்னால் யாரோ இரவு உணவு நேரத்தை மாற்றக் காத்திருந்தார்கள். ஆர்னெல் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

"இப்ப நான் எடுத்துடட்டுமா?"

மாக்சின் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நாலு கப்பலின் அறைப் படங்களை மனப்பாடமாகச் சொல்லக் கூடியவளுக்குத் தலையை ஆட்டுவது எப்படி என்று தெரியாமல் போனது.

"எடுத்துடுங்க தம்பி."

ஒரு விசையை அழுத்தினான். மிகச் சின்னச் சத்தம். திரையில் மேலிருந்த பெயர் மட்டும் மிஞ்சியது. பிறகு போனை எடுத்துக் கரைக்குப் பேசினான். "எட்டாம் தளத்துக்குக் காத்திருக்க வேண்டாம். எல்லாரும் ஏறிட்டாங்க."

அறைக்கு வந்தபோது அங்கே எல்லாம் இரண்டாக இருந்தன. இரண்டு தண்ணீர்க் குவளை, இரண்டு ஜோடித் துணிச்செருப்பு, இரண்டு தலையணையிலும் ஒவ்வொரு சாக்லேட். ஒவ்வொரு மாலையும் ஐவி பென்ஃபோல்ட் இந்த இரண்டாவது சாக்லேட்டைத்தான் பார்த்திருப்பாள், ஏழு மாலை. வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டிருக்கிறாள். மாக்சினும் ஏன் என்று கேட்காமல் விட்டிருக்கிறாள்.

போன் மினுங்கியது. காலின் அனுப்பியிருந்தான்.

"முனையத்துல ஒலிபெருக்கியில அவன் பேரைக் கூப்பிட்டாங்க மாக்ஸ். நாங்க ஆறு பேர் இருந்தோம், அவனைத் தூக்கின அதே ஆறு பேர். ஆறு பேரும் கதவைத் திரும்பிப் பாத்தோம். வந்துருவான்னுதான்."

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு கட்டிலின் இடப்பக்கத்தில், அவன் படுக்கிற பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் தலையணையால் மூடிக்கொண்டு அழுதாள். சுவர் வழியே சத்தம் எவ்வளவு போகும் என்பது அவளுக்குத் தெரியும்.

செப்டம்பரில் போயிருந்தால் அவன் இங்கே படுத்திருப்பான். கல் கட்டிலுக்குத் தனியாகக் கொடுத்திருப்பார்கள், அல்லது கிடைக்காமல் போயிருக்கும். அவன் அதற்கும் ஒரு கேலி வைத்திருப்பான். ஜூலையில் அவள் அழுத்திய பொத்தான் சரியான பொத்தான். நாளைக்கு யாராவது கேட்டாலும் அதைத்தான் அழுத்தச் சொல்வாள், சொல்லாமல் என்ன செய்வாள்? அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

தரை மெல்ல அதிர்ந்தது. கயிறுகளை அவிழ்த்துவிட்டிருக்க வேண்டும். முகத்தைக் கழுவிக்கொண்டு மாடத்துக் கதவைத் திறந்தாள். ஏப்ரல் காற்று சில்லென்று அடித்தது. துறைமுகச் சுவர், பாரந்தூக்கிகள், கார் நிறுத்தம் எல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. பிறகு பூங்கா வந்தது.

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். இவ்வளவு பக்கத்தில் வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. புல் தெரிந்தது. கம்பி வேலி தெரிந்தது. வேலி ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு நாய், வெள்ளையாய் ஏதோ காகிதப் பொட்டலம். அவர்களில் யாரோ ஒருவர் கையைத் தூக்கி ஆட்டினார். நன்றாகத் தெரிந்தது. கை தெரிந்தது. ஆணா பெண்ணா, கிழவரா இளைஞரா என்று எதுவும் தெரியவில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெளிறிய புள்ளி.

"கை தெரியுது டெரி," என்றாள் மாக்சின். "மூஞ்சிதான் தெரியலை."

பக்கத்து மாடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கையை உயர்த்தி, கீழே இருந்த அந்தக் கை நிற்கிற வரைக்கும் ஆட்டினாள். அது நின்ற பிறகும், பூங்கா மரங்களுக்குப் பின்னால் மறைகிற வரைக்கும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.